பழைய கம்ப்யூட்டரை வழியனுப்பும் முன்...

ஊர் மாற்றலாகிப் போகிற குடும்பம் முதலில் என்ன செய்யும்? சாமான்களை மூட்டை கட்டுவதற்கு முன்னாலேயே காஸ் ஏஜென்ஸிக்குப் போய், சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்துவிட்டு ஒரு சீட்டு வாங்கி வைத்துக் கொள்ளும். அந்தச் சீட்டைப் புது ஊரில் காட்டினால்தான் அங்கே அடுப்பு எரியும். சிலிண்டரைப் பழைய வீட்டிலேயே போட்டுவிட்டு, புது ஊர் ஏஜென்ஸியில் போய் "எங்களுக்கு காஸ் இருக்கு, கொடுங்க" என்றால் கொடுத்து விடுவார்களா? மாற்றல் உத்தியோகக்காரர்களின் மனைவிமார்களைக் கேட்டால் இதைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குவதும் கிட்டத்தட்ட இதே கதைதான் சகோதரிகளே! உள்ளே நாம் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கும் சாஃப்ட்வேர்களின் லைசென்ஸை முறையாக ஒப்படைத்து, புதுசில் முறையாக ஏற்ற வேண்டும். அதைச் செய்யாமல் பழையதைக் கொடுத்து விட்டால், கொடுத்த காசும் பல சமயம் அதோடு போய்விடும்.

"இதென்ன, ஆம்பிளைங்க சமாசாரத்தை இங்கே எழுதுகிறாளே!" என்று முகம் சுளிக்காதீர்கள். நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள்தான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் பில், வாரண்டி கார்டு, ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் யார் பீரோவில் இருக்கிறது? நம்மிடம்தானே! லைசென்ஸ் விஷயத்தில் பாதி வேலை அந்தக் காகிதங்கள்தான். மீதிப் பாதி, பொறுமை. இரண்டுமே நம் கைவசம் உள்ள சரக்கு.

எங்களுக்குக் கும்பகோணத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை. கீழே கடை, மாடியில் வீடு. 2016-ல் வாங்கிய ஒரே கம்ப்யூட்டர். பகலில் கடைக் கணக்கு, ராத்திரி என் பெண்ணின் காலேஜ் வேலை என்று ஒன்பது வருஷம் உழைத்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு கம்பெனியின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், அது ஏற்கும் அளவுக்குப் புதிய பிராஸஸரும் வேண்டும். எங்கள் பழையது அதற்கு ஈடு கொடுக்காது என்று பெண் பார்த்துச் சொல்லிவிட்டாள். தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று காத்திருந்து, நவம்பரில் புதுசு வாங்கக் கிளம்பினோம்.

கம்ப்யூட்டர் கடையில் விலைப் புள்ளி எழுதிக் கொடுத்தார்கள். மெஷின் விலை 43,000. கீழே 'சாஃப்ட்வேர்' என்று தனியாக ஒரு கணக்கு. கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் புதுசு, ஆஃபீஸ் புதுசு, வைரஸ் தடுப்பு புதுசு என்று மட்டும் 38,000 சொச்சம்! "ஏம்ப்பா, இதெல்லாம் நாங்க முன்னாடியே வாங்கினதாச்சே?" என்றேன். "அதெல்லாம் பழைய மெஷினோட போயிடும் மேடம். அதை எக்ஸ்சேஞ்சுல இப்பவே கொடுத்துடுங்க, ரெண்டாயிரம் கழிச்சுத் தரோம். சாஃப்ட்வேருக்கு அவ்வளவு காசு வேணாம்னா, நம்மகிட்ட வேற வழி இருக்கு, ஐந்நூறு ரூபாய்ல எல்லாமே போட்டுத் தந்துடுவோம்" என்றார்கள்.

அந்த 'வேற வழி' என்னவென்று சொல்லத் தேவையில்லை. திருட்டுச் சாவி. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் (1957) 63-பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் உபயோகித்தால் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதில் எழுதியிருக்கிறது. எங்கள் ஆடிட்டர் சார் சொல்லித்தான் எனக்கும் தெரியும். சட்டம் கிடக்கட்டும்; திருட்டுச் சாவியோடு என்னென்ன பூச்சி உள்ளே வந்து உட்காரும் என்று யாருக்குத் தெரியும்? அதில்தானே பாங்கு வேலையும் பார்க்கிறோம்!

"யோசிச்சுச் சொல்றோம்" என்று புது மெஷினுக்கு மட்டும் முன்பணம் கொடுத்துவிட்டு, பழையதைக் கொடுக்காமல் வீட்டுக்கு வந்து விட்டோம்.

வீட்டில் என் மாமியார் கேட்ட கேள்விதான் நியாயமான கேள்வி. "ஏம்மா, நாம காசு கொடுத்து வாங்கின பொருளை இங்கேருந்து அங்கே எடுத்து வைக்க எவன்கிட்ட உத்தரவு கேக்கணும்?"

அவருக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு புஸ்தகம் வாங்கினால் அந்தப் பிரதி நமக்குச் சொந்தம். அதை அச்சடித்து விற்கிற உரிமை நமக்குச் சொந்தமில்லை. சாஃப்ட்வேரில் இன்னும் ஒரு படி மேலே. 'இந்த ஒரு கம்ப்யூட்டரில் உபயோகித்துக் கொள்' என்ற அனுமதியைத்தான் விலைக்கு வாங்குகிறோம். அதனால்தான் அதற்கு லைசென்ஸ் என்றே பெயர். 2021 மார்ச் 2-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வரி வழக்கில் சொன்ன தீர்ப்பிலும், இப்படி வாங்குகிறவருக்குக் கிடைப்பது உபயோகிக்கும் அனுமதிதான், பதிப்புரிமை அல்ல என்று சொல்லியிருப்பதாக ஆடிட்டர் சார் விளக்கினார். ஆக, நாம் வாங்கியது அனுமதிச் சீட்டு. சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நம் உரிமை. அதைப் படிக்காமல் கடைக்காரர் சொல்வதைக் கேட்டால் எப்படி?

பெண்ணை உட்கார வைத்து, பில்களை எல்லாம் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பார்த்ததில் லைசென்ஸ்கள் மூன்று ஜாதி என்று எனக்குப் புரிந்தது. என் பாஷையிலேயே சொல்கிறேன்.

முதலாவது, சுவர் அலமாரி. வாடகை வீட்டின் சுவரில் கட்டின அலமாரியை வீடு மாறும்போது பெயர்த்துக் கொண்டு போக முடியாது. மெஷினோடு கம்பெனியிலேயே போட்டு வருகிற விண்டோஸும், லேப்டாப்போடு இனாம் போல வருகிற ஆஃபீஸும் இந்த ஜாதி. 'ஓ.இ.எம்.' என்று சொல்கிறார்கள். அது அந்த மெஷினோடு பிறந்து அதோடேயே போகும். இதற்காக வருத்தப்பட வேண்டாம். புது மெஷினுக்கும் அதற்குரிய விண்டோஸ் கூடவே வந்தால் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. விலைப் புள்ளியில் இதை மட்டும் விசாரித்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, மர பீரோ. நாம் தனியாகக் கடையில் வாங்கியது. 'ரீடெய்ல்' என்று பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் எடுத்துக் கொண்டு போகலாம். ஆனால் ஒரு பீரோ ஒரே சமயத்தில் இரண்டு வீட்டில் இருக்க முடியாது இல்லையா? அதே போலப் பழையதில் எடுத்துவிட்டுத்தான் புதுசில் வைக்க வேண்டும். பெண்ணின் படிப்புக்காக 2022-ல் அட்டையாக வாங்கின ஆஃபீஸ் 2021 இந்த ஜாதி என்று தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷம்! அது அவளுடைய மைக்ரோஸாஃப்ட் கணக்கில் பதிந்திருந்தது. பழையதில் அழித்துவிட்டு, புதுசில் அதே கணக்குக்குள் நுழைந்து இறக்கிக் கொண்டாள். இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. மெஷின் பழுதானால் தவிர, 90 நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் இப்படி மாற்றக் கூடாது.

மூன்றாவது, பத்திரிகைச் சந்தா. விலாசம் மாறினால் ஒரு கார்டு போடுகிறோம், பத்திரிகை புது வீட்டுக்கு வருகிறது. வருஷா வருஷம் பணம் கட்டும் மைக்ரோஸாஃப்ட் 365 போன்றவை இப்படித்தான். ஒருவர் தன் கணக்கோடு ஒரே சமயத்தில் ஐந்து கருவிகள் வரை உபயோகிக்கலாம். பழையதில் வெளியேறி, புதுசில் நுழைந்தால் முடிந்தது. வைரஸ் தடுப்பு சாஃப்ட்வேர்களும் பெரும்பாலும் இந்த வகைதான். எங்களுடையது மூன்று வருஷத்துக்கு வாங்கியது. இன்னும் பதினான்கு மாசம் பாக்கி இருந்தது. அதைப் போய் மறுபடி வாங்கச் சொன்னார்களே!

விண்டோஸ் எந்த ஜாதி என்று மட்டும் பில்லில் தெரியாமல் இருந்தது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் 'எஸ்.எல்.எம்.ஜி.ஆர்.' என்ற ஆங்கில எழுத்துக்களை அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு 'டி.எல்.ஐ.' என்று அடித்தால், ஓ.இ.எம்.மா ரீடெய்லா என்று அதுவே காட்டிவிடும். எங்களுடையது ஓ.இ.எம்.

மிச்சம் இருந்தது எங்கள் பிழைப்பே அடங்கியிருக்கிற கணக்கு சாஃப்ட்வேர். நாங்கள் உபயோகிப்பது டேலி. பெங்களூர் கம்பெனி, 1986-லிருந்து இருக்கிறது. 2016-ல் ஈ.ஆர்.பி.9 என்று வாங்கியதைப் பிற்பாடு டேலி பிரைமாக மாற்றிக் கொண்டோம். ஒரு தடவை வாங்கினால் லைசென்ஸ் நிரந்தரம். வருஷா வருஷம் கட்டுகிற பணம் புதுப் பதிப்புகளுக்கும் இன்டர்நெட் வழிச் சேவைகளுக்கும்தான். அது கெடு முடிந்தாலும், கையில் இருக்கிற பதிப்பை உபயோகிக்கலாம். அப்படிப்பட்ட நிரந்தர அனுமதியைத்தான் 'மெஷினோட போயிடும்' என்றார்கள்!

டேலியில் காஸ் சிலிண்டர் கணக்காகவே ஒரு வசதி இருக்கிறது. பெயரே 'சரண்டர்'தான். பழைய கம்ப்யூட்டரில், இன்டர்நெட் இணைப்போடு, ஹெல்ப், செட்டிங்ஸ், லைசென்ஸ் என்று போனால் சரண்டர் என்று வரும். ஒப்படைத்ததும் பழையது 'எஜுகேஷனல்' நிலைக்குப் போய்விடும். அதாவது மாசத்தில் முதல் தேதி, இரண்டாம் தேதி, கடைசித் தேதி என்று குறிப்பிட்ட தேதிகளுக்கு மட்டும் கணக்கு எழுத விடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழகுவதற்காக வைத்தது. பிறகு புதுசில் போட்டு, சீரியல் நம்பரையும், பதிவு செய்த மெயில் விலாசத்தையும் கொடுத்தால் லைசென்ஸ் அங்கே ஏறிக் கொள்ளும்.

இந்த 'பதிவு செய்த மெயில் விலாசம்' என்பதில்தான் எங்களுக்குச் சிக்கல் காத்திருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் கடையில் கணக்கு எழுதிக் கொண்டிருந்த தம்பி, தன் சொந்த மெயிலையே போட்டுப் பதிவு செய்திருக்கிறார். அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் மெயில் கிடையாது. அந்தத் தம்பியோ 2023 தீபாவளியின்போது போனஸ் விஷயத்தில் இவரோடு வார்த்தை தடித்து, கோபித்துக் கொண்டு போனவர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. கடையில் இப்போது கணக்கு எழுதும் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது.

இவர் ஒரே பிடியாக, "அவன்கிட்ட நான் போய் நிக்க மாட்டேன். இருபத்தாறாயிரம் போனாப் போகுது, புதுசாவே வாங்கிடலாம்" என்றார். 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. 3-பி கணக்கு கட்டியாக வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், போதாததற்கு வட்டி. அன்றைக்குத் தேதி 13.

வேறு வழியும் இருந்தது. பில், ஜி.எஸ்.டி. சான்று, கடை லெட்டர்பேடில் ஒரு கடிதம் எல்லாம் வைத்து கம்பெனிக்கு எழுதி மெயிலை மாற்றக் கேட்கலாம். நாள் பிடிக்குமே என்றுதான் கவலை. எனக்கோ அந்தத் தம்பி மேல் எந்த வருத்தமும் கிடையாது. ஏழு வருஷம் மத்தியானச் சாப்பாடு என் கையால் சாப்பிட்ட பிள்ளை. பழைய டெலிபோன் நோட்டில் அவர் நம்பர் இருந்தது. ராத்திரி கடை அடைத்த பிறகு நானே கூப்பிட்டேன்.

"அக்கா! நல்லா இருக்கீங்களா? பாப்பா என்ன படிக்குது?" என்றுதான் முதல் வார்த்தை. விஷயத்தைச் சொன்னேன். "அடடா, அது என் மெயில்லயா இருக்கு? போகும்போதே மாத்திக் கொடுத்திருக்கணும்க்கா" என்றார். அவர் தன் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை, அது முறையும் இல்லை. அவரே தன் மொபைலில் கணக்குக்குள் போய், புதிதாக ஒரு மெயிலைச் சேர்த்து, பொறுப்பை அதற்கு மாற்றிக் கொடுத்தார். "யார் மெயிலைப் போடட்டும்க்கா?" என்று கேட்டபோது நான் இவரைப் பார்த்தேன். இவர், "உன் மெயிலையே கொடு. நீதானே எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கே" என்றார்.

எல்லாம் முடிய அரை மணி. வைக்கும் முன் அந்தத் தம்பி, "சார் சௌக்கியமாக்கா?" என்று தயங்கிக் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, போனை நீட்டினேன். இவர் வாங்கி, "சாப்டியாப்பா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பொங்கலுக்குக் கும்பகோணம் வந்தபோது அந்தத் தம்பி கடைக்கும் வந்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமையே முடிக்க வேண்டும் என்று இவர் பரபரத்தார். நான்தான் கடை லீவு நாளில் நிதானமாகச் செய்யலாம் என்றேன். ஏனென்றால் லைசென்ஸ் வேறு, கணக்கு வேறு. பாத்திரம் புதுசுக்குப் போனால் உள்ளே இருக்கிற சோறும் தானாகப் போய்விடாது. ஒன்பது வருஷக் கணக்கை முதலில் இரண்டு பென் டிரைவில் தனித்தனியே பேக்கப் எடுத்தோம். ஒன்று என் பீரோவில், ஒன்று ஆடிட்டர் ஆபீஸில். அப்புறம்தான் சரண்டர். புதுசில் லைசென்ஸை ஏற்றி, கணக்கைக் கொண்டு வந்து, பழையதில் குறித்து வைத்திருந்த ரொக்க இருப்பு, பாங்கு இருப்பு, சரக்கு இருப்பு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். பைசா பிசகாமல் இருந்தது. 17-ம் தேதியே 3-பி கட்டியாயிற்று.

என் நாத்தனார் வீட்டு விஷயம் வேறு தினுசு. அவள் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி செய்கிறாள். அவளுடைய டிஸைன் சாஃப்ட்வேருக்கு 'டாங்கிள்' என்று ஒரு கட்டை விரல் அளவு சாவி. அதை எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அங்கே வேலை செய்யும். மாற்றுவது சுலபம்தான். ஆனால் லைசென்ஸே அந்தச் சாவிக்குள்தான் இருக்கிறது. தொலைத்தால் முழு விலை கொடுத்து மறுபடி வாங்கச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. "தாலிக் கொடி மாதிரி பத்திரமா வெச்சுக்கோ" என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய கம்ப்யூட்டரை மாற்ற இருக்கும் சகோதரிகளுக்கு, வரிசையாகச் சொல்கிறேன்:

1. உள்ளே என்னென்ன சாஃப்ட்வேர் இருக்கிறது, எதற்கெல்லாம் காசு கொடுத்தோம் என்று முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள்.

2. ஒவ்வொன்றுக்கும் பில், சீரியல் நம்பர் அல்லது சாவி, எந்த மெயிலில் பதிவு என்று எதிரே குறியுங்கள். மைக்ரோஸாஃப்ட் சாவி என்றால் ஐந்து ஐந்தாக 25 எழுத்துக்கள் இருக்கும்.

3. பதிவு செய்த மெயில் வீட்டு மனுஷருடையதுதானா என்று பாருங்கள். வேலையாள், கடைப் பையன், தெரிந்தவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக் கொள்ளுங்கள்.

4. சுவர் அலமாரியா, பீரோவா, சந்தாவா என்று பிரித்துக் கொள்ளுங்கள்.

5. கணக்கு, போட்டோ, கடிதங்களை இரண்டு இடத்தில் பேக்கப் எடுங்கள்.

6. பழைய மெஷின் ஓடிக் கொண்டிருக்கும்போதே சரண்டர், வெளியேறுதல் எல்லாம் செய்துவிடுங்கள். முழுதாகப் படுத்த பிறகும், பில்லைக் காட்டிக் கம்பெனியிடம் கேட்கலாம்தான். ஆனால் அலைச்சல் ஜாஸ்தி.

7. புதுசில் எல்லாம் ஓடுகிறதா என்று ஒரு வாரம் உபயோகித்துப் பாருங்கள். அதன் பிறகு பழையதில் உள்ளதை முழுக்க அழித்துவிட்டுக் கொடுங்கள். அதற்கு முன்னால் யார் எவ்வளவு எக்ஸ்சேஞ்ச் கொடுத்தாலும் கொடுக்காதீர்கள்.

எங்களுக்கு எக்ஸ்சேஞ்ச் ரெண்டாயிரம் போனது வாஸ்தவம். மிச்சமானது 38,000 ரூபாய். பழைய பில்கள் கையில் இருந்தது இதற்குப் பெரிய உதவி. ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் சாஃப்ட்வேர் பெயர், வாங்கிய தேதி, நம்பர், மெயில். பாஸ்வேர்டு மட்டும் அதில் எழுதுவதில்லை. இப்போதெல்லாம் சாஃப்ட்வேர் கெடு முடிகிற தகவல் எனக்குத்தான் மெயிலில் வருகிறது. "அந்த வைரஸ் சமாசாரம் எப்போ முடியுது?" என்று இவர் கீழே கடையிலிருந்து குரல் கொடுக்கிறார். நான் மாடியிலிருந்து தேதி சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு விடுங்கள். பத்து ரூபாய் சமாசாரம்தான்!